எருமையிடம் சொன்னது

அந்தக் காலத்துப் பெண்களுக்கு வாயே கிடையாது என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர், நம் அம்மாக்களெல்லாம் மௌனத்திலேயே வாழ்ந்து மௌனத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள் என்று உருகிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "தம்பி, உங்கள் வீட்டில் யாரும் பூனையைத் திட்டியதே இல்லையா?" என்று கேட்டேன். வயதான பெண்கள் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கிணற்றுப் பாசனம். தக்காளியும் வெங்காயமும் கொஞ்சம் கனகாம்பரமும் போடுவோம். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அண்ணன். பெரியம்மா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே இறந்துவிட்டார். பெரியப்பா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடேயே இருந்தார். இருந்தார் என்றால் சும்மா இல்லை, ஆண்டார். எந்தக் காட்டில் எதை விதைப்பது, எந்த விசேஷத்துக்கு யார் போவது, எல்லாம் அவர் சொல்வதுதான். அப்பா, "அண்ணன் சொன்னாச் சரித்தான்" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

புருஷனின் அண்ணனோடு பெண்கள் பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எதிரே வரக் கூடாது. அவர் இருக்கும் இடத்தில் உட்காரக் கூடாது. தட்டை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். அம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் அம்மாவிடம் பேசியதில்லை. ஆனால் இருவரும் தினமும் சண்டை போட்டார்கள்.

வாசலுக்குப் பக்கவாட்டில், வேப்பமரத்தடியில் எங்கள் எருமை கட்டியிருக்கும். வாசலில் பெரியப்பாவின் கயிற்றுக் கட்டில். அவர் டீக்கடையில் அரசியல் பேசிவிட்டுப் பொழுது சாய்ந்து சாப்பிட வந்தால், அம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டப் போவாள்.

"ஏ எருமை, ஆக்கி வச்சது ஆறி அவலாப் போச்சு. நேரங்கெட்ட நேரத்துல வந்து வாயை வச்சா எப்படி இருக்கும்? ஒனக்கென்ன, ஊரு மேஞ்சுட்டு வருவ."

பெரியப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து எருமையின் முதுகில் தட்டுவார். "கழனித்தண்ணியில இம்புட்டு உப்பைக் கொட்டி வச்சா மாடு எப்படிக் குடிக்கும்? அது வாயில்லாச் சீவன், பேசாமக் குடிக்குது." அன்றைக்கு வெஞ்சனத்தில் உப்புக் கூடிவிட்டது என்று அர்த்தம். உள்ளே பாத்திரம் டமாரென்று விழும்.

எருமை இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டு அசை போடும். அதைப் போல ஒரு நடுநிலையான நீதிபதியை நான் பார்த்ததில்லை. இதற்கு எங்கள் ஊரில் சாடை பேசுவது என்று பெயர்.

அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல் டவுன் கல்லூரியில் பி.ஏ. முதல் வருஷம் சேர்ந்தேன். எங்கள் கிராமத்திலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போன முதல் பெண். பெரியப்பா அதற்கு எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டால், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார், மறுக்க வழியில்லை. ஆனால் அவருக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது.

எங்களுக்கு ஆங்கிலக் கவிதை நடத்தியவர் வெளியூரிலிருந்து வந்த ஓர் இளம் விரிவுரையாளர். வெள்ளைச் சேலை, வெள்ளைக் குடை. ஒருநாள் அபாஸ்ட்ரஃபி என்று கரும்பலகையில் எழுதினார். எங்களுக்குத் தெரிந்த அபாஸ்ட்ரஃபி, வரிக்கு மேலே தொங்கும் அந்தச் சின்னக் கொக்கிதான். இன்னாருடையது என்று காட்டும், விழுந்துபோன எழுத்துக்கு அடையாளமாக நிற்கும். அவர் சிரித்துக்கொண்டே, இதே பெயரில் ஓர் அலங்காரமும் உண்டு என்றார். கவிஞன் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்பவர்களை விட்டு முகத்தைத் திருப்பி, அங்கே இல்லாத ஒருவரை, அல்லது பதில் சொல்ல முடியாத ஒன்றை அழைத்துப் பேசுவான். காற்றே என்பான், மரணமே என்பான், கடலே என்பான். மகத்தான உணர்ச்சியில்தான் அப்படிப் பேச்சு வரும், சாதாரண மனிதர்களின் சாதாரண வாழ்வில் அதற்கு இடமில்லை என்று முடித்தார்.

எனக்குக் கை தானாக மேலே போயிற்று. "மேடம், எருமையைக் கூப்பிட்டுப் பேசினா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் விடவில்லை. எருமையிடம் பேசுவது, ஆனால் சொல்வது பக்கத்தில் இருக்கும் ஆளுக்கு, அது என்ன அலங்காரம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது அலங்காரம் இல்லை அம்மா, பண்புக் குறைவு" என்றார். உட்கார்ந்துவிட்டேன். காது சிவந்துவிட்டது. அவர் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கு நானும் நினைத்தேன் என்பதுதான் கொடுமை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனுஷி வாழ்நாளெல்லாம் மாட்டிடம் போய்ப் பேசுவாளா?

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா நெய்க்காரப்பட்டியில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். கரும்பும் தென்னந்தோப்புமாக வசதியான குடும்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், பிடித்துவிட்டால் அன்றே தட்டு மாற்றிக்கொள்வது, மறுநாள் முதல் பஸ்ஸும் கல்லூரியும் கிடையாது. அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்.

நான் படித்த பெண் அல்லவா, நேராகப் பேசுவது என்று முடிவு செய்தேன். கட்டிலுக்கு எதிரே போய் நின்றேன். "பெரியப்பா, எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். நான் டிகிரி முடிக்கணும்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் பக்கம் திரும்பி, "ஏலே, காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுக்காகளா?" என்றார். அப்பா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அப்பா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே போய் அத்தனை ஆத்திரத்தையும் அம்மாமேல் கொட்டினேன். "எருமைகிட்டப் போய்ப் பொலம்பத் தெரியுதுல்ல? அதை அவரு மூஞ்சிக்கு நேராச் சொல்ல ஒனக்கு வாய் வராதா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "நேராச் சொன்னீயே, என்ன ஆச்சு? அடிக்கிறதுக்கு ஒரு கன்னம் கிடைச்சுச்சு. நான் எருமைகிட்டச் சொன்னா யாரை அடிப்பாரு?"

எனக்கு அது சமாதானமாக இல்லை. கோழைத்தனத்துக்கு ஒரு சாக்கு என்றுதான் பட்டது. மூன்று வருஷப் படிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போகப்போகிறது, இவள் எருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாளே என்று தலையணையை நனைத்தேன்.

ஞாயிறு காலை பெரியப்பா குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தார். அடுக்களைக்குக் கேட்கிற குரலில் எருமையிடம் சொன்னார்: "இந்தா பாரு, வர்றவுக பெரிய மனுசங்க. அவுக கிட்ட ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது. தொறந்தா அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்." எருமை வாலை வீசி ஈயை விரட்டியது. அம்மா கேசரிக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள்.

பிற்பகலில் வாடகைப் பிளசர் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை வரவில்லை, அவர் அம்மாவும் அப்பாவும் இரண்டு மாமன்மார்களும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம், கணீரென்ற குரல். என்னைப் பார்த்தார், "லட்சணமா இருக்குதுங்க" என்றார். ஆண்கள் வாசலில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் கரும்பு விலையைப் பற்றியும் பேசினார்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் சிரித்துத் தலையசைத்தாள். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

பால் கறக்கும் நேரம் வந்தது. அம்மா செம்பை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா கை கழுவுவதற்குப் பக்கத்துத் தொட்டிக்கு வந்தார். கை அலம்பத் தண்ணீர் மொண்டு கொடுக்க நானும் போயிருந்தேன். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எருமையின் மடியைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நில்லு ஆத்தா, நில்லு. ஒனக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஒன் கன்னு இப்பத்தான் காட்டை விட்டு வெளியே மேயப் பழகுது. நாலு எடம் போயி நல்லது பொல்லாதது பாத்துட்டு வருது. அதைப் புடிச்சு அடுத்த ஊருத் தொழுவத்துல கட்டப் பாக்குறாக. மனசில்லாத கன்னு கயித்தை அத்துக்கிட்டு ஓடியாந்துரும். அப்புறம் வாங்கிட்டுப் போனவுகளுக்கும் கேவலம், வளத்தவளுக்கும் கேவலம். வாங்க வந்தவுகளைக் குத்தம் சொல்ல முடியுமா? அவுக தங்கமான மனுசரு. கூட்டிக்கிட்டு வந்தவுகதான் ஒன்னை ஒரு வார்த்தை கேக்கலை."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னை எருமைக் கன்று ஆக்கிவிட்டாளே! அடுத்த நொடி மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே எருமையிடம் போனார். அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்.

"ஏனுங்க ஆத்தா, கன்னு மேஞ்சு முடிக்க இன்னும் எத்தன நாளு ஆகுமுங்க?"

எருமைக்கு 'ங்க' போட்டுப் பேசிய ஒரு மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ரெண்டு வருசத்துக்கு மேல போகும், இல்ல எருமை?" என்றாள் அம்மா, மடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அத்தன நாளு எங்களுக்குத் தாங்காதுங்க. எங்கூட்டுப் பையனுக்கு ஆவணிக்குள்ள..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எங்கூட்டுக் காளைக்கு ஆவணிக்குள்ள சோடி சேத்தோணும். மனசில்லாத கன்ன இழுத்துட்டுப் போயி நாங்க என்னங்க பண்றது? மேயட்டும் உடுங்க."

எருமைக் கன்றுக்குக் காளையைச் சம்பந்தம் பேசியதில் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. அம்மா கறந்த பாலில் ஒரு டம்ளர் காய்ச்சிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அம்மாவின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

வாசலில் பெரியப்பாவின் கை வெற்றிலைத் தட்டிலேயே நின்றுவிட்டிருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது. என்ன செய்வார் பாவம்? மாட்டிடம் பேசாதே என்று வந்து சொன்னால், கன்று யார் என்பது தனக்குத் தெரியும் என்று அவரே நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும். வெள்ளைக் குடை மேடத்துக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியாததை இப்போது சொல்கிறேன். இது பண்புக் குறைவும் இல்லை, அலங்காரமும் இல்லை. வாயைத் திறந்தால் அறை விழும் வீட்டில் அடி வாங்காமல் பேசிய பேச்சு இது. கடலையும் காற்றையும் கூப்பிட்டவர்கள் யாருக்கும் இந்த அவசியம் இருந்திருக்காது.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா பெரியப்பாவிடம் கும்பிட்டுச் சொன்னார். "சாதகத்த இன்னொருக்காப் பாத்துட்டுச் சொல்லி உடறோமுங்க." அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். பிளசர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

பெரியப்பா விடுவிடுவென்று எருமைக்கு முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். சட்டென்று அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"ஏய்! ஒனக்கு அம்புட்டுத் திமிரா? யாரைக் கேட்டு நீ இந்தக் காரியம் பண்ணுன? வெளியே வா!"

கிணற்றடியில் நின்ற அப்பா, "அண்ணே..." என்றார். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் கட்டிக் காத்த வழக்கத்தை, அம்மா அல்ல, பெரியப்பா உடைத்துவிட்டார். அம்மாவை நேராகப் பார்த்து, நீ என்று கூப்பிட்டுவிட்டார்.

அம்மா வெளியே வந்தாள். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. கட்டிலுக்கு எதிரே, நான் அறை வாங்கிய அதே இடத்தில் வந்து நின்றாள். முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்துத் திணறினாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது: அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டே பழக்கமில்லை.

"இந்தாங்க" என்றாள் கடைசியில். "எம் மக சங்கதின்னா, இனிமே எங்கிட்ட நேராப் பேசுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை. பதில் வரட்டும் என்று அங்கேயே நின்றாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், கையை ஓங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்த இடத்தை விட்டுப் போனவர் பெரியப்பாதான். மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன்.