சட்டவிரோதமான அலை

எண்பதுகளின் இறுதியில், திருச்சியில் நான் கணிதம் கற்பித்த பெண்கள் கல்லூரிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதன் அறைச் சாவி என்னிடம் இருந்தது. இரண்டாம் வாரத்திலேயே அதைப் பறிகொடுக்கும் நிலை வந்தது.

சைன் அலையை வரைய ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். ஓட்டியதும், அலைக்குப் பதில் ‘இல்லீகல் ஃபங்ஷன் கால்’ என்ற வரி திரையில் வந்தது. இந்தக் கட்டளை இங்கே செல்லாது என்பதே அதன் பொருள். பின்னால் நின்ற முதல்வர் அம்மையார் தமிழிலக்கியம் படித்தவர், முதற்சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லீகலா? சட்டவிரோதமா என்னம்மா பண்ணினீங்க?”

விற்ற கடையின் எஞ்சினியர் வந்து, பெட்டியைத் தொடாமலே தீர்ப்புச் சொன்னார்.

“கலர் கார்டுதாங்க போட்டிருக்கோம். டீச்சரம்மா எதையோ அழுத்திக் கெடுத்துட்டாங்க. சாவியை ஆபீஸ்லயே வச்சுக்குங்க மேடம்.”

முதல்வர் கை நீட்டினார். அவர் கெட்டவரல்லர், அந்தப் பெட்டிக்காக நிர்வாகக் குழுவிடம் ஓராண்டு மன்றாடியவர், பயந்திருந்தார். அந்தக் கையை இன்றும் பரிவோடுதான் நினைக்கிறேன். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் கம்ப்யூட்டரின் கையேட்டை இருமுறை படித்து முடித்திருந்தேன். திரையை இயக்க உள்ளே எந்தக் கார்டு இருக்கிறது என்பதைப் பெட்டியின் முதுகிலேயே அறியலாம். திரையின் வயர் செருகும் தகட்டிலேயே பிரிண்டர் வயரும் செருகியிருந்தால், அது எழுத்தை மட்டும் காட்டும் கார்டு. பக்கத்தில் வட்டத் துளை இருந்தால் படமும் வரையும் கலர் கார்டு.

பெட்டியைத் திருப்பினேன். ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து தகடுகளை அப்பியிருந்தது.

“பொட்டு வச்ச மெஷினுங்க! லேடீஸ் கை வைக்கிற எடமா அது?” என்றார் எஞ்சினியர்.

“பொட்டு வச்சதும் லேடீஸ்தாங்க” என்று நகத்தால் சுரண்டினேன்.

ஒரே தகட்டில் இரண்டு வயர்கள். வட்டத் துளை எங்கும் இல்லை. கையேட்டின் படத்தை அருகில் வைத்தேன். முதல்வர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எஞ்சினியரிடம் திரும்பினார்.

“அப்ப இல்லீகல் யாருங்க?”

புதுக் கார்டு வரும்வரை பெட்டியை எடுத்துப்போவதாக எஞ்சினியர் முனகினார். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. எழுத்து மட்டுமே தெரியுமென்றால் எழுத்தாலேயே வரைவோம். மறுநாள் வகுப்பில், வரிக்கு ஒரு நட்சத்திரக் குறியாக, இடம் தள்ளித் தள்ளிப் போடச் செய்தேன். சற்றுக் கோணலாக, ஆனால் ஐயத்துக்கிடமின்றி, சைன் அலை திரையில் இறங்கி வந்தது. மாணவிகள் கைதட்டினார்கள்.

மாலையில் அறையை நான்தான் பூட்டினேன்.