டிக்கியில் வந்த தேங்காய் சாதம்

மூடியைத் திறந்ததும் அந்த வாடை... தேங்காய் ஊசத் தொடங்கும்போது வருமே, லேசான சோப்பு நெடி — அதேதான். சட்டென்று என் கல்யாணத்துக்கு மறுநாள் ஞாபகம் வந்தது. முந்தின ராத்திரிப் பந்தியில் தேங்காய்ச் சட்னி. மறுநாள் சொந்தபந்தம் மொத்தமும் கழிப்பறை வாசலில் வரிசை. மாப்பிள்ளைக்குக்கூட வழிவிட ஆளில்லை.

நான் மூடியைத் திறந்தது போன ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டில் எங்கள் வீட்டில் மகள் மலருக்கு வளைகாப்பு. சேலத்திலிருந்து என் அக்கா ஐந்து வகைக் கலவை சாதம் கொண்டுவந்திருந்தாள். முதல் வாய் அத்தை ஊட்டவேண்டும், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். விடிவதற்கு முன்பே வடித்துக் கிளறி, சூடு ஆறுவதற்குள் தூக்குவாளிகளில் அடைத்து, துணி சுற்றி, கார் டிக்கியில் ஏற்றியிருக்கிறாள்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் யாருடைய வேனோ மக்கர் பண்ண, மலைப்பாதை முழுக்க வண்டிகள். அக்கா வந்து சேர்ந்தபோது மதியம்.

"இது கெடுமா? உங்க ஊரே ஃப்ரிட்ஜாட்டந்தான இருக்குது" என்றாள்.

இங்கே எல்லோரும் சொல்வதுதான். நானும் சொல்லியிருக்கிறேன். மேகம் ஜன்னல் வழியே வந்து நாற்காலியில் உட்காரும் ஊரில் எது கெடும்? ஆனால் அந்தத் தூக்குக்குள் மேகம் எப்போது நுழைந்தது? மூடிக்கு அடியில் சேலத்து வெயில், பத்திரமாக, வெதுவெதுப்பாக, மலையேறி வந்திருந்தது.

"உங்க அக்கா. நீங்களே சொல்லுங்க" — என் மனைவி, காதோடு.

நான் சொன்னது இதுதான்: "நொம்பக் களைச்சிருப்ப, ஒரு காப்பி குடி அக்கா."

யோசித்துப் பாருங்கள். கெட்டது என்று நாக்கு சொன்ன பிறகும் எத்தனை வீடுகளில் விழுங்கியிருக்கிறோம்? சமைத்தவர் முகம் சுருங்கிவிடக் கூடாதே... வயிற்றைவிட முகத்துக்குப் பயப்படுகிற ஜனங்கள் நாம்.

நான் காப்பியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வளையல் அடுக்கி முடித்துவிட்டார்கள். கூடத்துக்கு வந்து பார்த்தால், அக்காவின் கையில் தேங்காய் சாத உருண்டை, மகளின் வாயருகில்.

மலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடை வருதுங்க அத்தை. வேண்டாங்க."

அக்கா உருண்டையை முகர்ந்தாள். முகம் சுருங்கத்தான் செய்தது.

"புளிசாதம் நல்லாத்தான் இருக்குது. அதத் தர்றேன் கண்ணு."

"அதுவும் காலையிலிருந்து வெதுவெதுன்னு மூடியே கெடந்துச்சுங்களே. எல்லாக் கெடுதலும் மூக்குக்குத் தெரியாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. உள்ள ஒண்ணு இருக்குதுங்களே அத்தை."

மலர் பிடித்த கையை விடவில்லை.

"ஆனா உங்க கையிலதான் சாப்புடுவேன். புதுசா கிளறுங்க, இருக்கேன்."

"அதுவரைக்கும் பசி தாங்குவியா?"

"தாங்க மாட்டேங்க. சீக்கிரம் கிளறுங்க."

யாரோ சிரித்தார்கள். அக்கா பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, சோப்புப் போட்டுக் கை கழுவி, அடுப்படியைக் கைப்பற்றினாள். மனைவி தேங்காய் துருவினாள். ஐந்து தூக்கும் கொல்லைக் குழியில் காலியாயின. அக்காவே கவிழ்த்தாள், வேறெங்கோ பார்த்தபடி. அந்த ஒரு நிமிடம்தான் எனக்குத் தாங்கவில்லை.

சாதம் ஆவி பறக்க வந்தது. ஊதி ஊதி ஊட்டினாள். மலர் இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் மூன்று.

சாயங்காலம் காரில் ஏறியவளிடம், கண்ணாடிப் பக்கம் குனிந்து, "வருத்தமாக்கா?" என்றேன்.

"இல்லாம இருக்குமா?" என்றாள். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. தலையை வெளியே நீட்டினாள்.

"பேரப்புள்ளையப் பாக்க வெறுங்கையோட வர்றேன் சாமி. அரிசிய மட்டும் ஊறப்போட்டு வெய்யி."