வாலக்காவின் முட்டை

வாலக்கா அந்தச் சலவைக்கடைக்கு வேலை கேட்டு வந்த காலையில், முதலாளியம்மா ஒரு மேசைவிரிப்பைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். விருந்து மண்டபத்திலிருந்து வந்த விரிப்பு. நட்ட நடுவில் பழுப்பாக ஒரு கறை. தேநீரா, துருவா, பழச்சாறா என்று தெரிந்தால்தான் எந்த மருந்து போடுவது என்று முடிவெடுக்க முடியும். மாற்றிப் போட்டுவிட்டால் கறை அங்கேயே குடியேறிவிடும்.

வாசலில் நின்றவள் இடுப்புவரை நம்மைப் போலத்தான் இருந்தாள். அதற்குக் கீழே ஏழடி நீளத்துக்கு வால். அவள் அரவர் இனம். அவர்கள் ஊரில் வெந்நீர் ஊற்றுகள் ஒவ்வொன்றாக ஆறிப்போகவே, குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, கிடைத்த ஊரில் கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவளும் புருஷனும் இந்தக் குளிர்ந்த ஊருக்கு வந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"வேலை ஏதாவது இருக்குமாம்மா?"

"இங்க நாள் பூரா நின்னுக்கிட்டே செய்யணும். உன்னால முடியுமா?"

"நிக்கறதுக்கு எங்க பாஷைல வார்த்தையே இல்லம்மா. ஆனா விழமாட்டேன்."

முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். வந்தவள் மேசைவிரிப்பின் மேல் குனிந்து, பிளந்த நாக்கை ஒரு தடவை வெளியே நீட்டி இழுத்துக்கொண்டாள்.

"மாதுளைச் சாறு. அது காஞ்சதுக்கு அப்புறம் சர்க்கரை போட்ட காபி. துடைச்சவங்க கையில மெழுகு இருந்திருக்கு."

அன்றைக்கே வேலை கிடைத்தது.

அவளுடைய சொந்தப் பெயர் நீளமான ஒரு சீறலில் தொடங்கி, பாதியில் மூச்சு வாங்கி, மறுபடியும் சீறும். யாருக்கும் வாயில் நுழையவில்லை. துணி வாங்க வந்தவர்கள் 'வால் வச்ச அந்த அக்கா' என்றார்கள். ஒரே வாரத்தில் அது வாலக்கா ஆகிவிட்டது. சேட்டை செய்யும் பிள்ளைகளை 'வாலு' என்று கொஞ்சுவார்கள் என்று யாரோ சொன்னதும் அவளுக்கு அந்தப் பெயர் ரொம்பவே பிடித்துப்போனது.

பழகுவதற்குத்தான் நாளாயிற்று. அவளுக்கு இமை கிடையாது. எதிரில் நின்று துணி மடிக்கும் மடிப்புக்காரி, "என்னையே முறைச்சுப் பாக்குறாங்கம்மா" என்று இரண்டாம் நாளே முதலாளியம்மாவிடம் போய்ப் புகார் சொன்னாள். மறுநாள் வாலக்கா ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். "இப்ப இன்னும் பயமா இருக்கு, கழட்டிடுங்கக்கா" என்றாள் மடிப்புக்காரி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. சாப்பாட்டு நேரம்தான் சங்கடம். வாலக்கா பத்து நாளைக்கு ஒரு முறைதான் சாப்பிடுவாள். மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும்போது இவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இஸ்திரி அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் ஒரு டம்ளரில் வெந்நீர் வாங்கிக்கொண்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை மடக்கு மடக்காகக் குடிக்கப் பழகிக்கொண்டாள். தோல் உரிக்கும் வாரத்தில் கண்ணில் பால் படர்ந்து எதுவும் தெரியாது. கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அந்த வாரம் மட்டும் அவளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அடுத்த குளிர்காலம் தொடங்கியபோது ஒரு நாள், கோட்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு வந்த வாலக்கா, யாரிடமும் பேசாமல் நேராக உலர்த்தும் அறைக்குள் போனாள். பாய்லரின் சூட்டுக்குழாய்கள் ஓடும் சின்ன அறை அது. கம்பளிகளும் துண்டுகளும் தட்டுத் தட்டாகக் காயும். அன்று முழுக்க அவள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே போய் வந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் துண்டுகளை எடுக்கப் போன மடிப்புக்காரி, மூன்றாவது தட்டில் ஈரத் துணிக்கு நடுவே இருந்த கூடையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"திருப்பிடாத!"

வாலக்காவின் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. இஸ்திரி அண்ணன் பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தான்.

கூடைக்குள் சின்னப் பரங்கிக்காய் அளவில் ஒரு முட்டை. கோழி முட்டை மாதிரி ஓடு இல்லை. பதமாக்கிய தோல் போல மெத்தென்று இருந்தது. உச்சியில் பென்சிலால் ஒரு கோடு.

"அந்தக் கோடு எப்பவும் மேல பாத்தே இருக்கணும். புரண்டா உள்ள இருக்கிற உசுரு மூழ்கிடும்" என்றாள் வாலக்கா. "எங்க ஊர்ல ஊத்துக்கரை மணல்ல புதைச்சுட்டுப் போயிடுவோம். மணலே பாத்துக்கும். இங்க மணலைத் தொட்டா கை விறைக்குது. வீட்டுல இருக்கிற அடுப்பை ஏத்தினா ஒரு பக்கம் வேகுது, ஒரு பக்கம் சில்லுனு இருக்கு. எனக்கு வேற வழி தெரியல."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியம்மா கதவருகே நின்றிருந்தாள். வாடிக்கையாளர் துணியைத் தவிர ஒரு கைக்குட்டைகூட அந்த அறைக்குள் போகக் கூடாது என்பது அவள் சட்டம். இஸ்திரி அண்ணன் ஒரு முறை தன் காலுறையை உள்ளே காயப்போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லோருக்கும் நினைவு இருந்தது.

"எத்தனை நாளு?" என்றாள்.

"எழுபதும்மா."

"இப்ப உனக்குப் பிரசவம் ஆயிடுச்சா, இனிமேதானா? வாழ்த்து சொல்றதா, வேண்டாமா?"

வாலக்கா கொஞ்சம் யோசித்தாள். "பாதி ஆயிருக்கும்மா."

"அப்ப மீதியும் ஆகட்டும். அந்தத் தட்டுல வேற துணி வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா போய்விட்டாள். வாலக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அதன் பிறகு அந்தக் கடையில் நாட்கள் முட்டையை வைத்தே நகர்ந்தன. ஈரத் துணியை மாற்றும் வேலையை மடிப்புக்காரி தானாகவே எடுத்துக்கொண்டாள். தினமும் மத்தியானம் இரண்டு அவித்த முட்டையோடு டப்பாவைத் திறக்கும் இஸ்திரி அண்ணன், அன்றிலிருந்து வெறும் ரொட்டியோடு வர ஆரம்பித்தான். "ஏன்ணே, முட்டை அலுத்துப்போச்சா?" என்று வாலக்கா கேட்டாள். "பக்கத்து அறையில பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படிம்மா?" என்றான் அவன். வாலக்காவின் புருஷனுக்குக் குழாய் வேலை. ஆள் நுழைய முடியாத சாக்கடைக் குழாய்க்குள் எல்லாம் அவன் நுழைந்து அடைப்பு எடுப்பான். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு வந்து, தட்டின் விளிம்பில் தாடையை வைத்து, உள்ளே துடிப்பு கேட்கிறதா என்று பார்ப்பான். அரவருக்குத் தாடைதான் காது. முப்பதாம் நாள் அவன் முகம் மலர்ந்தது. "துடிக்குது. ரொம்பச் சின்னதா, ஆனா நிக்காம துடிக்குது" என்றான். மடிப்புக்காரியும் தாடையை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டது என்றே எல்லோரிடமும் சொன்னாள்.

அறுபத்தோராம் நாள் காலை பத்து மணிக்குப் பாய்லர் நின்றுபோனது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் சாயங்காலம்தான் வர முடியும் என்று போனில் சொன்னான். சூட்டுக்குழாய்கள் மெல்ல மெல்லக் குளிர்ந்தன. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். வாலக்காவுக்கு இருந்த ஒரே வாலும் ஓடவில்லை. கூடையை அப்படியே தூக்கி வந்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் கழித்து அவளாகவே கையை விலக்கினாள்.

"என் உடம்புல சூடே இல்ல" என்றாள். "சுத்தி இருக்கிறது எவ்வளவோ அவ்வளவுதான் நானும். நான் கட்டிப்பிடிச்சா சீக்கிரம் ஆறித்தான் போகும்."

பெற்றவளே அப்படிச் சொன்னதைக் கேட்டு மடிப்புக்காரிக்கு அழுகை முட்டியது. முதலாளியம்மா ஸ்வெட்டரைக் கழற்றினாள். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொண்டா இப்படி. கோடு மேல இருக்கட்டும்."

"அம்மா, எவ்வளவு நேரம்..."

"என் உடம்பு எப்பவும் காய்ச்சல்காரி மாதிரி சுடும்னு என் வீட்டுக்காரர் தினமும் சொல்லிக் காமிப்பார். இன்னைக்காவது உபயோகப்படட்டும்."

முட்டையை வயிற்றோடு வைத்து, ஸ்வெட்டரால் மூடி, இரண்டு கையாலும் அணைத்தபடி அவள் உட்கார்ந்தாள். துணி வாங்க வந்தவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, வயதையும் யோசித்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார். மத்தியானச் சாப்பாட்டை மடிப்புக்காரி ஊட்டிவிட்டாள்.

இதற்குள் வாலக்காவே விறைக்கத் தொடங்கியிருந்தாள். பேச்சு இழுத்தது, வால் மரக்கட்டை மாதிரி கிடந்தது. மின்சாரம் இருந்ததால் இஸ்திரிப் பெட்டிகள் மட்டும் வேலை செய்தன. அண்ணன் ஒரு போர்வையைச் சூடாகத் தேய்த்து அவள் மேல் போர்த்தினான். அது ஆறுவதற்குள் அடுத்தது. அன்று அவன் தேய்த்த போர்வைகளில் ஒன்றுகூட எந்த வாடிக்கையாளருடையதும் இல்லை. எல்லாமே கடையின் பழைய போர்வைகள். திரும்பத் திரும்ப அவற்றையே தேய்த்தான்.

நாலரைக்கு மெக்கானிக் வந்தான். ஐந்தரைக்குக் குழாய் முனகியது. முதலாளியம்மா எழுந்தபோது முழங்கால் நிமிரவில்லை. அப்போதுதான் வேலை முடிந்து வந்த வாலக்காவின் புருஷன் விரைந்து வந்து தாடையை வைத்தான். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இருக்கு" என்றான். "முன்னைவிட வேகமா இருக்கு."

வாலக்கா முதலாளியம்மாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். முதலாளியம்மாவும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் முட்டை கிழிந்தது. முதலில் ஒரு மூக்கு, பிறகு ஒரு பிஞ்சுக் கை. முழுதாக வெளியே வந்ததும் குழந்தை அறையைச் சுற்றிப் பார்த்து, ஆசையாக நீட்டிய இஸ்திரி அண்ணனின் விரலை நறுக்கென்று கடித்தது. "பொண்ணுதான்" என்றான் அண்ணன், விரலை உதறிக்கொண்டே.

இப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போகிறாள். முதலாளியம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். பெரியம்மாவிடம் மட்டும்தான் சண்டையும் போடுகிறாள். "அந்த ஏழரை மணி நேரம் கொஞ்சம் அதிகமாவே சூடேத்திட்டீங்கம்மா" என்று வாலக்கா குறைப்படுவாள். முதலாளியம்மா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறாள்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், வாலுக்குப் பின்னிக்கொடுத்த கம்பளி உறையைக் கழற்றி எறிந்துவிட்டு மகள் பனிக்குள் இறங்கிப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்த வாலக்கா பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. வாசற்படியைத் தாண்ட அவளால் முடியவில்லை.

"ஏய், குளிரலையாடி உனக்கு?"

"குளிருதும்மா. அதுக்கென்ன?"

முற்றம் முழுக்க வளைந்து வளைந்து கோடு போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். வாலக்கா கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். மகள் களைத்துப்போய்த் தானாக உள்ளே வரும்வரை, போர்வையைச் சுற்றிக்கொண்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.