தவமலரின் மூட்டம்

கடலாடிப் பக்கம் எங்கள் ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. மழையை நம்பி விதைத்து நொந்தவர்கள் திருப்பூருக்கும் சவுதிக்கும் போய்விட்டார்கள். அந்த முள்ளை வெட்ட வந்தவள் தவமலர்.

அவளுடைய அம்மா மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். தவமலர் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். முகாமிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து விறகை வெட்டி, கூம்பாக அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்துப் புகையவிடுவாள். அந்த மூட்டத்தில் காற்று புகாமலிருந்தால் விறகு கரியாகும். புகுந்தால் சாம்பல்தான். அவள் வந்த பிறகு டீக்கடை நாள் முழுக்கத் திறந்திருந்தது. லாரிக்காரர்களுக்கு ஓட்டம் கிடைத்தது. நானும் இன்னும் சில பெண்களும் கரி சலிக்கப் போனோம். செல்லச்சாமி தன் நிலத்து முள்ளை விற்றதோடு, வெட்டிய இடத்தில் மிளகாயும் போட்டார். ஆனாலும் ஊரில் அவள் பெயர் 'கேம்ப்காரி'தான்.

என் தம்பி வீரமணியையும் அவள் வேலைக்குச் சேர்த்திருந்தாள். ஒரு ராத்திரி காவலுக்கு இருந்தவன் குடித்துவிட்டு மூட்டத்தடியில் தூங்கினான். மண் வெடித்து ஒரு பக்கம் எரிந்துபோனது. மறுநாளே நிறுத்திவிட்டாள்.

"அகதி நாயி, என்னைய வேலைக்கு வராதங்கறா! எங்க ஊர்லயே!" என்று கடைத்தெருவில் கத்திக்கொண்டு திரிந்தான்.

அவள் அடுத்த மூட்டத்துக்கு விறகு அடுக்கப் போய்விட்டாள். அடிதடி என்று பெயர் ஸ்டேஷனுக்குப் போனால், முகாமை விட்டு வெளியே வேலைக்குப் போக அனுமதி கிடைக்காது. அவளை நம்பி வந்த குடும்பங்களுக்கும் அதே கதிதான்.

செல்லச்சாமி நிலத்துப் பெரிய மூட்டம் புகைந்துகொண்டிருந்தபோது, நல்ல வெயிலில் வீரமணி இரண்டு பேரோடு வந்தான். பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த முகாம்காரர் ஒருவரை முதலில் கம்பால் அடித்தார்கள். மண்டை பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அவர் குப்புற விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. தடுக்கப் போன தவமலரின் முடியைப் பிடித்து வீரமணி அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் கையை ஓங்கவில்லை.

"அடிக்க மாட்டாளாம்டா! கேஸுன்னா மூத்திரம் போயிரும்ல!" என்று சிரித்தான். கடப்பாரையோடு மூட்டத்தின் மேல் ஏறினான்.

"ஏறாதே தம்பி! உள்ளுக்க விறகு எரிஞ்சு தாழ்ந்திட்டுது, மண் மட்டுந்தான் நிக்குது!"

மூட்டத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தான். "போடி!" என்று ஓங்கிக் குத்தினான். மண்கூடு பொத்துக்கொண்டது. வலது கால் தொடைவரை உள்ளே போனது. ஓட்டையிலிருந்து தீ எழும்பியது. அவன் போட்ட அலறலில் கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

தவமலர் ஏறி அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவன் பயத்தில் அவள் கழுத்தை நெரித்தான். முழங்கையால் அவன் முகத்தில் இடித்துப் பிடியை விடுவித்து, கீழே உருட்டிவிட்டாள். கால்சட்டையோடு தோலும் உரிந்துவந்தது.

பக்கத்தில் கரி சலித்துக்கொண்டிருந்த நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினேன். அவள் அதைப் பிடுங்கி மண்ணில் கொட்டினாள். பிசைந்த சேற்றை வெறுங்கையால் ஓட்டையில் அப்பினாள். தம்பி தரையில் புரண்டு கதறினான். ஓட்டை அடைபட்ட பிறகுதான் குடத்தில் மிச்சமிருந்ததை என்னிடம் நீட்டினாள்.

போலீஸ் வந்தது. தள்ளிவிட்டது அவள்தான் என்றார்கள் ஓடிப்போன இருவரும். "யாருய்யா தள்ளுனது? அவுக போயிட்டா என் காட்ட உங்கப்பனா வந்து வெட்டுவான்?" என்று செல்லச்சாமி அவர்கள் மேல் பாய்ந்தார்.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா அக்கா? என்ன நடந்துச்சு?"

"அவனாத்தான் ஏறுனான். ஏறாதன்னு அது சொல்லுச்சு."

அவள் மேல் கேஸ் இல்லை. அடிபட்டவருக்குத் தலையில் தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் தம்பி என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூட்டம் பிரித்தபோது அந்த மூலை மட்டும் சாம்பல். மற்றதெல்லாம் நல்ல கரி. கையில் கட்டோடு வந்த தவமலர் சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"தண்ணியப் பறிச்சிட்டன் எண்டு கோபமோ அக்கா?"

"கோவந்தான்."

"சரி" என்றாள். சலிக்கத் தொடங்கினோம்.