மெழுகு போட்ட ஈயம்

வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய மனோர் பார்க் வீட்டின் பின்வளவில், லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கிக் கிளப்பில் சேர்ந்திருக்கும் என் மகன், உருகிய ஈயத்துக்குள் மெழுகுத் துண்டொன்றைப் போட்டான். அந்தப் புகை என்னை நேரே அம்மாவின் அடுப்படிக்குக் கொண்டுபோனது. கடலோரத்து அந்த வீடு இப்போது இல்லை, அது நின்ற இடத்துக்குப் போக ஆமி விடுவதுமில்லை. எங்கள் சுவரில் பாய்ந்த துப்பாக்கிச் சன்னங்களை அம்மா கத்தியால் கிண்டி எடுத்து, பழைய தாச்சியில் உருக்கி, கோயில் மெழுகுதிரிக் கட்டையைப் போட்டு, மேலே மிதக்கும் அழுக்கை வழித்தெறிந்து, ஐயாவின் மீன்வலை தண்ணிக்குள் தாழக் குண்டு வார்ப்பா, கயிறு கோக்க நடுவில் ஓட்டையும் விட்டு.

"ஈயம் எங்கையடா எடுத்தனீ?" என்று மகனைக் கேட்டேன்.

"மீன்பிடிக்கிற ஒராள் வித்தவர், அம்மா. பழைய வலைக்குண்டு. டார்கெட்டுக்குச் சுட புல்லட் வார்க்கிறன். சும்மா ஹொபி."

ஏசுவதா சிரிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. எந்தச் சுவர், எந்த வலை, எது முதல் என்றெல்லாம் தலைக்குள் குழம்பியது. வார்த்து ஆறிய சன்னம் ஒன்றை அவன் என் கையில் வைத்தான். பெருவிரல் தன்பாட்டில் அதில் கயிற்று ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.