திரும்பிப் பார்த்தவன்

கேமராவைப் பார்க்காதே என்று படக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தியும் ஆறுமுகசாமி பார்த்துவிட்டான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எடுத்த தேர்க் காட்சி அது. வடம் பிடிக்கக் கூலிக்குப் போன கும்பலில் அவனும் ஒருவன். செய்யாதே என்றால் அதைத்தான் செய்வார் இந்த மனுஷன் என்று மனைவி தேவம்மா அப்போது சிரித்தாள். எப்படியோ அந்தத் துண்டு படத்தில் தங்கிவிட்டது.

அந்தத் தப்பு ஒன்றுதான் அவன் விட்டுப்போன சொத்து. மகள் ரூபா வயிற்றில் இருக்கும்போதே, கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். இருந்த ஒரே கல்யாணப் போட்டோவையும் கரையான் தின்றது. அதற்கு என்ன தெரியும் பாவம். தேவம்மா மைசூரில் சித்தாள் வேலை செய்து மகளை வளர்த்தாள்.

"அப்பா எப்பிடிம்மா இருப்பாரு?" என்று ரூபா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"சினிமாவுல இருக்காரு கண்ணு. வடத்தப் புடிச்சுக்கிட்டே திரும்பி நம்மளையே பாப்பாரு."

தொண்ணூற்றாறில் அக்ரஹாரத்துச் சுவரில் அந்தப் படத்தின் போஸ்டர் முளைத்தது. பழைய தியேட்டரில் காலைக் காட்சி. பதினாறு வயது ரூபா பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட அப்படிச் சிங்காரித்திருக்க மாட்டாள்.

ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்ட். அறுந்த இடத்தையெல்லாம் வெட்டி வெட்டி ஒட்டியிருந்தார்கள். தேர் அசைந்தது. மேளம் உச்சத்துக்குப் போனதும் அவன் திரும்புவான். மேளம் விக்கியது, திரை ஒரு குதி குதித்தது, அவன் திரும்பும் இடம் காணாமல் போயிருந்தது.

"யாரும்மா? எங்கம்மா?" ரூபா கையைப் பிடித்து உலுக்கினாள்.

தேர் நிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லத் தேவம்மாவுக்கு மனம் வரவில்லை. கை தானாக நீண்டு, முன்னால் முண்டாசு கட்டி இழுத்த யாரோ ஒருவனைக் காட்டியது.

"ஹௌதா? நெசமாவா? ஐயோ அம்மா, என் மூக்கு! அப்பிடியே என் மூக்கு!"

ரூபா திரையைப் பார்த்துக் கும்பிட்டாள், விம்மி அழுதாள். தேவம்மாவும் அழுதாள். ஆறுமுகசாமிக்குச் சப்பை மூக்கு. மகளுக்கு இருப்பது தேவம்மாவின் மூக்கு. கட்டினவனை நானே இன்னொரு தடவை சாகடித்துவிட்டேனே என்று நினைத்தாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. கொஞ்ச தூரம் நடந்ததும் ரூபா நின்றாள்.

"நம்மளப் பாப்பாருன்னு சொன்னியேம்மா. அவரு பாக்கவே இல்லையே?"

தேவம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேமராவப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க கண்ணு," என்றாள். "உங்கப்பா சொன்ன பேச்சத் தட்ட மாட்டாரு."