குழாயைப் பிடித்து இறங்குகிறவள்

என் அக்காவை ஊரில் எல்லோரும் வலைக்காரி என்றுதான் சொல்வார்கள். மீனுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடலைப் பார்த்த மலை முகட்டில் கம்பம் நட்டு வலை கட்டி, கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனியைப் பிடிக்கிறாள். பனி வலையில் பட்டுச் சொட்டும். சொட்டுவதெல்லாம் அடியில் வைத்த தகரக் கால்வாயில் சேர்ந்து, குழாய் வழியாக மலை இறங்கி எங்கள் தோட்டத்துத் தொட்டிக்கு வரும். மழை எட்டிப் பார்க்காத எங்கள் பக்கத்தில் தக்காளி காய்ப்பது அந்தத் தண்ணீரில்தான்.

"என்ன வலைக்காரி, இன்னைக்கு வானத்துல என்ன மீன் மாட்டுச்சு?" என்று மீன்காரர் வம்புக்கு இழுப்பார்.

"சுறாதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கடிச்சிடும்" என்பாள். அவள் வாயில் விழுந்து எழுந்தவர் யாரும் இல்லை.

அதற்கு முன் அவள் தையல்காரி. வலையின் ஓரங்களை வீட்டுத் தையல் மெஷினில்தான் மடித்துத் தைத்தாள். முதல் வலையைக் காற்று கிழித்துப் போட்டபோது, "போதும் தாயே, இந்தப் பைத்தியக்காரத்தனம்" என்று நான் கத்தினேன். காதில் போட்டுக்கொண்டால்தானே! மறுபடி இரட்டைத் தையல் போட்டு மலையேறினாள். என் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டாள்?

மலையில் பனி இறங்கிவிட்டால் நீட்டிய கை கூடத் தெரியாது. அதனால் குழாயை இடுப்பு உயரத்துக்கு முளைகளில் தூக்கிக் கட்டியிருந்தாள். பனியில் அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். பாதி வழியில் பாதை திரும்பும் இடத்தை ஒட்டிப் பெரிய பள்ளம். அதில் விழுந்த ஆட்டை எடுக்கக்கூட யாரும் இறங்கியதில்லை. ஆகவே எங்களுக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தாள். "பனியில என்னைக் கூப்பிடாதீங்க. குரல் கேட்டா கால் தானா அந்தப் பக்கம் போயிடும். கை குழாயை விட்டுடும்."

அன்று மதியம் வலைக் கயிறு ஒன்று தளர்ந்திருக்கிறது என்று மேலே போனாள். வெயில் பளிச்சென்று அடித்தது. அவள் புருஷன், என் மாமா, நல்ல மனுஷன்தான். யோசனைதான் எப்போதும் ஒரு பஸ் தாமதமாக வரும். திருப்பத்தில் குழாய் ஒழுகுகிறதே என்று இணைப்பைக் கழற்றி, கீழ்ப்பாதியை வீட்டு வாசலுக்கு இழுத்து வந்து பசை தடவிக்கொண்டிருந்தார். நான் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். மலையைக் காணோம். பனி அன்று முன்னாடியே வந்துவிட்டது.

"மாமா, மேல் பாதி எங்க கிடக்கு?"

அவர் கையிலிருந்த பசை டப்பா கீழே விழுந்தது. "முளையில இருந்து நழுவி... பள்ளத்துக்குள்ள தொங்குது."

"ஐயோ! அக்கா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே வருவா! உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

அவர் அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தார். பாய்ந்து போய்ப் பொத்தினேன். "கத்தினீங்கன்னா குழாயை விட்டுட்டு நேரா ஓடி வருவா. இங்கயே இருங்க. மூச்சு விடக்கூடாது." திருப்பம்வரை ஒருமுறை ஏறி இறங்கியதிலேயே அவர் முட்டி வீங்கியிருந்தது, மறுபடி ஏற முடியாது. நான்தான் போக வேண்டும்.

குழாய் இல்லாத முளைகள் மட்டும் நின்றன. ஒன்றைப் பிடித்தபடி அடுத்ததைத் துழாவித் துழாவி ஏறினேன். கடைசி முளைக்கு அப்பால் தவழ்ந்தேன். ஒரு கல் என் கை பட்டு உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அங்கேயே படுத்துவிட்டேன். எனக்கு அவ்வளவு பயம், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

படுத்தபடியே துழாவியதில் குழாய் கையில் பட்டது. சில்லென்று இருந்தது, உள்ளே தண்ணீர் ஓடியது. அதோடு ஓர் அதிர்வு. மேலே ஒரு கை அதன்மேல் வழுக்கிக்கொண்டே வருகிறது. அக்கா!

தொங்கிய முனையை இரண்டு கையாலும் பாதைப் பக்கம் வெடுக்கென்று இழுத்தேன். முனை வந்துவிட்டது. அதிர்வு நின்றுவிட்டது.

குழாயை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் என் மடியில் கொட்டியது. ஒன்றும் அசையவில்லை. போய்விட்டாளா? நான் இழுத்த இழுப்பில் போய்விட்டாளா? 'அக்கா' என்ற சொல் தொண்டைவரை வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கினேன். ரத்தம் உப்புக் கரித்தது.

அப்புறம் குழாய் லேசாக நடுங்கியது. இந்தத் தடவை தரையோடு. ஈரக்கை ஒன்று என் முகத்தைத் தடவியது.

"சின்னவளே! என்னடி இது, தண்ணியெல்லாம் வீணாப் போகுது!"

வீட்டுக்கு வந்து மாமாவுக்கு அர்ச்சனை நடந்தது. அவர் குழாயின் பசையை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் இரண்டு முழங்காலும் சிராய்த்திருந்தன. நான் துடைத்துவிட்டேன்.

"நீ இழுத்தப்போ குழாய் கையை விட்டுப் போயிடுச்சுடி. சுத்தி வெள்ளை. எந்தப் பக்கம் பள்ளம்னே தெரியல. உக்காந்து தரையைத் தடவித் தடவித் தேடினேன்" என்றாள்.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே! நான் செத்துப் பிழைச்சேன்!"

"வெடுக்குன்னு இழுத்ததுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் அக்கா. "கூப்பிட்டா நீ ஓடி வருவியே."